ஃபெர்மோவின் விறகுப் பங்கு

“அடுப்பு எரியிற வீட்டுக்குத்தான் காட்டுல பங்கு.” அடுப்பு எரிகிற வீடு என்பாரோ, புகை தெரிகிற வீடு என்பாரோ, சரியாக நினைவில்லை. விறகுக் குலுக்கலுக்கு முன்னால் எங்கள் ஊர்ச்சபையின் முந்தைய தலைவர் பேசும் பேச்சில் இப்படி ஏதோ ஒன்று வரும்.

மலைக்காடு ஊருக்குப் பொது. வெட்டிய மரங்களைப் பங்கு பிரித்து, வெட்டுமுகத்தில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டு, வருஷா வருஷம் குலுக்கிக் கொடுப்போம். பரம்பரை ஊர்க்காரருக்கு மட்டும்தான். பங்கு விறகை விற்கக் கூடாது. யாருக்கும் தரவும் கூடாது. மீறினால் குலுக்கலிலிருந்து பெயர் போய்விடும், பிள்ளைகளுக்கும் சேர்த்து.

நான் ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பிய வருஷம், ஃபெர்மோவின் பெயர்தான் போக இருந்தது.

ஃபெர்மோ பஸ் டிரைவர். காஸ் பில் ஏறிக்கொண்டே போகிறதென்று வீட்டைச் சூடாக்கும் பாய்லரைக் கழற்றிவிட்டுப் பெல்லட் அடுப்பு வைத்திருந்தான். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகள். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் அடுப்பே எடுத்துப் போட்டுக்கொள்ளும். செலவு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது, தான் எழுந்திருக்கும் முன்பே சமையலறை சூடாகிவிடுகிறது என்று காப்பிக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தான்.

அப்படிச் சொன்னவன் குலுக்கலுக்கும் பெயர் கொடுத்தபோதுதான் ஊருக்கு உறுத்தியது.

பெல்லட் அடுப்பு வைத்த வீட்டுக்கு விறகுப் பங்கு கிடையாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இப்போதைய தலைவர் இலாரியோ.

“உனக்கெதுக்குடா விறகு?” என்றார் சபையில், எல்லோர் முன்னிலையிலும்.

“வேணும்ணே.”

“அதான் எதுக்கு?”

“வேணும்.”

பின்வரிசையிலிருந்து தச்சர் சில்வானோ, “சீவிச் சீவிப் பெல்லட் பண்றான் போல தலைவரே, மூட்டைக்காசும் மிச்சமாகட்டுமேன்னு” என்றார். சபை சிரித்தது. ஃபெர்மோ தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழூர் பீட்சா கடைக்காரன் அடுப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறதென்று யாரோ ஒருவர் கேட்டார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. விற்றது நிரூபணமானால் தீர்மானமே தேவையில்லை.

மறுநாள் இலாரியோ சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஃபெர்மோ வீட்டுக்குப் போனார். அவன் வேலைக்குப் போயிருந்தான். விறகுக் கொட்டகையில் பெல்லட் மூட்டைகள் மட்டும் இருந்தன. போன வருஷத்துப் பங்கில் ஒரு துண்டு இல்லை.

“பாத்தியா. மொத்தமும் வித்துட்டான்” என்றார்.

கொட்டகை வாசலிலிருந்து டிராக்டர் தடம் ஒன்று போனது. கீழூர்ப் பக்கம் திரும்பும் என்று பார்த்தால், மேலே ஏறியது. ஊரின் கடைசி வீட்டில் போய் நின்றது.

அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் தொய்னா. மால்டோவாக்காரி, இரண்டு பிள்ளைகள். ஊரில் நடமாட முடியாத நான்கைந்து பேரைப் பார்த்துக்கொள்கிறாள்; இலாரியோவின் அம்மாவைத் தினமும் குளிப்பாட்டுவதும் அவள்தான்.

கூரை இறவாணத்துக்கடியில் சுவரோடு சுவராக விறகு அடுக்கியிருந்தது. வெட்டுமுகங்களில் சிவப்பில் பதினேழு. போன வருஷம் ஃபெர்மோவுக்கு விழுந்த எண்.

கதவைத் திறந்த தொய்னா எங்களைப் பார்த்துத் திகைத்து, பிறகு முகம் மலர்ந்தாள். உள்ளே பிள்ளைகள் கைவைக்காத சட்டையோடு தரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இலாரியோ விறகைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ரொம்ப நாளா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் ஐயா. ஃபெர்மோ அண்ணன்தான் வேண்டாம்னுட்டாரு. சபையில நீங்க குடுத்தனுப்புறது யாருக்கும் தெரிய வேணாம், தலைவர் கூச்சப்படுவாருன்னாரு.”

இலாரியோ என்னைப் பார்த்தார். நான் விறகைப் பார்த்தேன்.

“உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மகன் அனுப்புற விறகுலதான் என் பிள்ளைங்க குளிரில்லாம தூங்குதுன்னு சொன்னேன். அன்னைக்கு அம்மா ஒரு கரண்டி கூட மிச்சம் வைக்காம சாப்பிட்டாங்க.”

காப்பி போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு இலாரியோ படியிறங்கினார். அவள் தயங்கித் தயங்கிப் பின்னாலேயே வந்தாள்.

“ஒண்ணு கேக்கலாமா ஐயா? பழைய பால்பண்ணைக் கட்டடத்துல மொராக்கோக்காரங்க குடிவந்திருக்காங்க. கைக்குழந்தை வேற. அட்டைப்பெட்டியைக் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டு எரிக்கிறாங்க. அவங்களுக்கும் சபையில அனுப்புவீங்களா?”

“பாக்கறேன்மா” என்றார்.

விறகை விற்றால் என்ன தண்டனையோ, கொடுத்தாலும் அதேதான். அந்த விதியைச் சபையில் நூறு முறை வாசித்தவர் இலாரியோ. தீர்மானம் நிறைவேறினாலும் பங்கு போச்சு, உண்மையைச் சொன்னாலும் போச்சு. அதனால்தான் ஃபெர்மோ ‘வேணும்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சீருடையோடே வந்து, கதவோரமாக நின்றான் ஃபெர்மோ. இலாரியோ தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

“கொட்டகையில என்ன இருந்துச்சு தலைவரே?” என்று கேட்டார் சில்வானோ.

“எல்லாம் அது அது இருக்கவேண்டிய எடத்துல இருந்துச்சு.”

குலுக்கலுக்கான பெயர்களை வாசித்தார். ஃபெர்மோவின் பெயரை வாசித்தார். தன் பெயரையும் வாசித்தார்.

திங்கட்கிழமை காலை டவுனுக்குப் போய், தன் வீட்டுக்கு ஒரு பெல்லட் அடுப்பு வேண்டுமென்று முன்பணம் கட்டிவிட்டு வந்தார் இலாரியோ.