சொந்தக் கறுப்பு

“இந்தச் சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கேம்மா. எதுக்கு மாத்தணும்?” முடியைப் பிரித்துப் பார்த்தபடி கேட்டாள் அழகு நிலையத்துக்காரி.

“என் சொந்தக் கறுப்பு திரும்ப வேணும்,” என்றாள் நாற்காலியில் இருந்த பெண்.

“என்ன, கல்யாணம் கூடி வந்திருக்கா?”

“இல்லீங்க. என் அக்காவைப் பார்க்கணும்.”

“ஓ, தலையைப் பார்த்தா திட்டுவாங்களோ?”

“அவதான் இதைப் பூசியே விட்டா. கழுத்து காதெல்லாம் சிவப்பாக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா.”

“நல்ல அக்காதான். தூரத்துலயா இருக்காங்க?”

அந்தப் பெண் தோளில் கிடந்த சிவப்பு முடியை விரலில் சுற்றிக்கொண்டாள். அழகு நிலையத்துக்காரி வேரில் வளர்ந்திருந்த கறுப்புக்குத் தோதாகச் சாயம் குழைத்துப் பூசினாள். பிறகு அலசி, உலர்த்தி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

“சாயம் போட்ட மாதிரியே தெரியலை பாருங்க. கிளம்புங்க, அக்கா காத்துட்டிருப்பாங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை. “வந்துட்டா,” என்றாள்.

அழகு நிலையத்துக்காரி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“நாங்க இரட்டைப் பிள்ளைங்க. எல்லாரும் ஆளை மாத்திக் கூப்பிடறாங்கன்னுதான் நான் சிவப்பாக்கிக்கிட்டேன். போன மாசம் அவ இறந்துட்டா. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னா, இந்தச் சிவப்பு நடுவுல வந்து நிக்குது.” கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்: “கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துக்கட்டுமா?”

அழகு நிலையத்துக்காரி வாசல் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வராமல் உள்ளறைக்குப் போனாள்.