மூன்றாம் மேசை உயிரி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் ஒற்றைப் பல்லும் இன்றே விழட்டும்.

விலங்கியல் பட்டப்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள் அந்தப் பெண். இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது. அப்பாவின் இரும்புக்கடையில் ஆணி எடை போட வேண்டியதுதான்.

மூன்றாம் மேசை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்காத உருப்படி.

"என்னம்மா அது?" என்றார், புருவம் வரை நரைத்த வெளித்தேர்வாளர்.

வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். "புது இனம் சார்! கறுப்பா, வரிசையா வளைஞ்ச காலு. உயிரோட இருக்கு, அப்பப்ப துடிக்குது!"

"உயிரோடயா? நகரு, நகரு." அவர் குனிந்தார். "அட, துடிக்கத்தான் செய்யுது! ஆனா கறுப்புங்கிறியே, வெள்ளை வெளேர்னுல்ல இருக்கு?"

கண்ணுக்கு நீல மை தீட்டியிருந்த துறைத்தலைவி அவரை விலக்கிவிட்டுப் பார்த்தார். "என்ன சார் நீங்க, நீலமா மினுங்குதே!"

"அதான் மேடம் அதோட விசேஷம்!" அவள் ஒரே போடாகப் போட்டாள். "ஆளுக்கு ஆள் நிறத்தை மாத்திக்குது!"

"சபாஷ்!" தேர்வாளர் முழு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, அந்த உயிரிக்கு யார் பெயரை வைப்பது என்று துறைத்தலைவியோடு மல்லுக்கு நின்றார்.

பட்டம் வாங்கியவள் இன்று அதே கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள்.

அன்று மூன்றாம் மேசை மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு வைக்கவே மறந்துபோயிருந்தார்கள். மூவரும் பார்த்தது அவரவர் இமைமுடியை.