ரிட்டர்ன் மேடம்

அந்தப் பெண்ணின் விண்ணப்பம் மூன்றாவது தடவையாகத் திரும்பியபோது புது கிளார்க்குக்குச் சுருக்கென்றது.

கல்லூரி அட்மிஷன் ஆபீஸ். கடைசி நாள். மணி மூன்றரை. நாலரைக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் சீல் விழாவிட்டால் அவளுக்கு இந்த வருஷப் படிப்பு அவ்வளவுதான்.

சீல் வைக்கும் சீனியருக்கு ஆபீஸில் 'ரிட்டர்ன் மேடம்' என்று பேர். யார் எதைக் கொடுத்தாலும் திருப்பிவிடுவாராம். ஆனால் சேர்ந்த இந்த ஒன்றரை மாசத்தில் கிளார்க் கவனித்த கதையே வேறு. ஃபார்மை வாங்கியதும் மேடத்தின் கண் நேரே 'பெற்றோர் தொழில்' கட்டத்துக்குத்தான் போகும். டாக்டர், வக்கீல் என்றிருந்தால் மறுபேச்சில்லாமல் டப்பென்று சீல். டிரைவர், மூட்டை தூக்குபவர் என்றிருந்தால் போச்சு, சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

பெரிய இடமென்றால் ஒரு நியாயம், இல்லாதவர்களுக்கு ஒரு நியாயமா? இதென்ன பழக்கம் என்று அவனுக்கு மண்டை குடைந்தது.

இந்தப் பெண்ணைக் காலையில் முதலில் திருப்பியது இனிஷியலுக்காக. அடுத்தது, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிக் கொஞ்சூண்டு வெளியே வந்ததற்காக. இப்போது அம்மாவின் தொழில்.

"'சும்மா இருக்கிறார்'னு எழுதியிருக்கியே, சும்மாவா இருக்காங்க?"

"ஆமா மேடம். நாலு வீட்ல பாத்திரம் தேய்ப்பாங்க. மத்தபடி சும்மாதான்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அதுக்குப் பேரு வேலைம்மா. முதல்லேர்ந்து எழுதிட்டு வா."

அவள் புது ஃபார்மை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தவன் ஒரு டாக்டரின் மகன். போட்டோவைக் கோணலாக, கட்டத்துக்கு வெளியே ஒட்டியிருந்தான். பிறந்த தேதியை எழுதவே இல்லை. டப். சீல் விழுந்தது.

கிளார்க்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குப் புதுசு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று அடக்கிக்கொண்டான்.

நாலேகாலுக்கு அந்தப் பெண் மறுபடி வந்தாள். மேடம் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஒருவழியாக சீல் வைத்தார். நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் அவள் ஓடினாள்.

ஜன்னலைச் சாத்தியதும் அவன் கேட்டேவிட்டான். அந்தப் பையனுடையதில் அத்தனை ஓட்டை இருந்ததே, அதை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று.

"அந்தப் பொண்ணோடதுல ஒரு புள்ளி தப்பினாலும் மேலே கமிட்டில தூக்கிக் கடாசிடுவாங்கப்பா. ஏன்னு கேக்க அவளுக்கு நாதியில்லை. அதான் இங்கேயே படுத்தி எடுத்து, பழுதில்லாம அனுப்பறேன்."

"அப்ப அந்தப் பையன்?"

"அவனுக்கென்ன? தப்பு இருந்தா அவங்கப்பாகிட்டேர்ந்து ஒரு போன் வரும். நாங்களே உக்காந்து திருத்திடுவோம்."

அவனால் நம்ப முடியவில்லை. "ஒரு போன்லயா? அப்படியெல்லாமா மேடம் நடக்கும்?"

மேடம் சீலைத் துடைத்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"உன்னோட வேலை அப்ளிகேஷன்ல, படிச்சு முடிச்ச வருஷத்தையே தப்பாப் போட்டிருந்தே. உங்கப்பா போன் பண்ணினார். நான்தான் திருத்தினேன்."