இன்னொரு 'வெரி'

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் குற்றாலம் லாட்ஜுக்குப் பின்னால் சொந்தமாக ஓர் அருவி உண்டு. அதன் ஓரத்தில் முதலில் 'டேஞ்சர்' என்று ஆங்கிலத்தில் ஒரு போர்டு இருந்தது. ஒருவன் வழுக்கி விழுந்து செத்ததும் அது 'வெரி டேஞ்சர்' ஆனது. அடுத்தவன் செத்ததும் 'வெரி வெரி டேஞ்சர்'. அண்ணாச்சிக்கு இங்கிலீஷில் நம்பிக்கை அதிகம்.

போன வாரம் இன்னொருவன் விழுந்து செத்தான். போர்டு எழுதும் எபனேசரை மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தத் தடவையாவது ஒரு கம்பி வேலி போடுங்க அண்ணாச்சி," என்றார் எபனேசர்.

"வேலி போட்டா அருவிக்கு அழகு போயிரும்லே. அப்புறம் போட்டோ புடிக்க எவன் வருவான்? ஒரு 'வெரி' சேத்து எழுது, போதும்."

"ஏற்கெனவே ரெண்டு இருக்கே."

"வெரின்னா 'ரொம்ப'ன்னு அர்த்தம். சேக்கச் சேக்க அழுத்தம் கூடும்."

"இன்னும் ஒருத்தன் விழுந்தா?"

"போர்டுலதான் இடம் கெடக்குல்லா!"

எபனேசர் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

"போலீஸு, ஆஸ்பத்திரி எல்லாம் மேனேஜர்தான் அலைஞ்சான்," என்று அலுத்துக்கொண்டார் அண்ணாச்சி. "எந்த ஊருப் பயலோ, நம்ம உசுர வாங்குதான்."

எபனேசர் பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி எழுதத் தொடங்கினார்.

மாலையில் அண்ணாச்சி வந்து பார்த்தபோது போர்டில் நான்கு 'வெரி' இருந்தன.

"ஏலே, விழுந்தது ஒருத்தன்தானே? எதுக்கு ரெண்டு சேத்திருக்க?"

எபனேசர் பிரஷ்ஷைத் துடைத்தார்.

"ஒருத்தன்தான் அண்ணாச்சி. ஒரு 'வெரி' உங்க கணக்கு, இன்னொண்ணு என் கணக்கு. எனக்குன்னு இருந்த மவனும் அவன் ஒருத்தன்தான்."