அடுக்களையிலிருந்து வந்த சொற்கள்

அந்த ஊரில் யார் இறந்தாலும் நினைவு ஜெப அட்டையில் ஆங்கிலத்தில் நாலு வரிக் கவிதை இருக்கும். அடியில் ‘செல்வின் தங்கராஜ்’ என்று போட்டிருக்கும். வரியின் கடைசிச் சொல்லுக்கு ஓசை ஒத்த சொல் கிடைக்காமல் முட்டும்போதெல்லாம் அவர் அடுக்களையைப் பார்த்து, “ஏட்டி, ஸ்லீப்!” என்று குரல் கொடுப்பார்.

“வீப், கீப், டீப்... புளி கரைச்ச கையோட நிக்கேன், போதுமா?” என்பாள் அவர் மனைவி எஸ்தர்மணி. பெரும்பாலும் மீதி வரிகளையும் அவளே சொல்லிவிடுவாள்.

இப்போது எஸ்தர்மணிக்கே அட்டை. சொற்கள் அவருக்கும் தெரிந்தவைதான், வரிதான் வரவில்லை. மூன்றாம் நாள், பழைய கவிதை ஒன்றை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகத்து ஜெபராஜ் உடனே போனில் வந்தான்.

“அண்ணே, இது டேனியல் சார் செத்தப்ப நீங்க எழுதுனதுல்லா?”

“நான் எழுதலடே. அவ எழுதுனது. எல்லாமே அவதான். கீழ அவ பேரப் போடு.”

ஜெபராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“மைனி பேரு படத்துக்குக் கீழ ஏற்கெனவே இருக்கேண்ணே. ரெண்டு தடவ போட்டா, தப்பா அடிச்சிட்டோம்னுல்லா நெனப்பாங்க.”