பத்தாவது வரி

“செல்லம்மாள், சிட்டம்மாள், தாயாரம்மாள். மூணு பேர்தானா?”

காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த இளமதி, திருப்புலிவனம் மகளிர் குழுக் கட்டடத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். “பத்து வரி எழுதுங்க. ஒவ்வொண்ணும் ‘நான்’னு ஆரம்பிக்கணும். உங்களை நீங்களே எப்படி மதிக்கிறீங்கன்னு பார்க்கத்தான்.”

“எனக்கு இன்னா மதிப்பு? ரேஷன் கார்டுல நாலாவது பேரு” என்றாள் செல்லம்மாள்.

தாயாரம்மாள் எழுதினாள். நான் ஏகாம்பரம் மனைவி. நான் தினகரன் அம்மா. நான் சிட்டம்மாளுக்கு அண்ணி. இப்படியே ஒன்பது வரிக்கு ஒன்பது உறவு.

இளமதி எட்டிப் பார்த்தாள். “எல்லாமே மத்தவங்களா இருக்கே. அவங்க இல்லாம நீங்க யாரு, அக்கா?”

“அவங்க இல்லாம நான் இன்னாத்துக்கு?”

“இன்னும் ஒரு வரி பாக்கி.”

தாயாரம்மாள் யோசிக்கவில்லை. எழுதிவிட்டாள். நான் கீர்த்தி அம்மா.

எழுதிய பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது. போன வருஷம் கீர்த்தி வேறு சாதிப் பையனோடு ஓடிப்போன அந்த வாரமே ஏகாம்பரம் மொட்டை போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் மகளுக்குக் காரியம் செய்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒட்டினார். இனி அந்தப் பெயர் யார் வாயில் வந்தாலும் அவர்களுக்கும் இதே காரியம்தான் என்றார். அன்று முதல் ஆளாக மண்ணை வாரித் தூற்றியவள் அவர் தங்கை சிட்டம்மாள்.

அந்தச் சிட்டம்மாள்தான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எய்ந்துருங்க அண்ணி.”

“சிட்டு, தெரியாம எழுதிட்டேன். குடு, அடிச்சிடறேன்.”

“வாய மூடிக்கினு நடங்க.”

கோயில் மூலையில் ஏகாம்பரம் பைக்கை நிறுத்தினார். “எங்க, ரெண்டு பேரும்?”

சிட்டம்மாளின் கை இடுப்புக்குப் போனது.

“என் வூட்டுக்குத்தான். அண்ணிகிட்ட ஒரு பேச்சு கீது. முடிச்சி அனுப்பறேன்.”

“நல்லா கேளு. கொஞ்ச நாளா மொகமே சரியில்ல” என்றபடி அவர் வண்டியைக் கிளப்பினார்.

தெருவில் யாருமில்லை. ஓடிவிடலாமா என்று தாயாரம்மாள் நினைத்தாள். எங்கே ஓடுவது? ஊரில் இருந்த ஒவ்வொரு வீடும் அவருக்கு உறவு.

சிட்டம்மாள் தன் வீட்டு உள்ளறையைத் திறந்து அவளை உள்ளே தள்ளினாள்.

இருட்டில், பாயில் கையை ஊன்றி, நிறைவயிற்றோடு எழ முயன்றுகொண்டிருந்தாள் கீர்த்தி.

“நாலு நாளா உங்களத்தான் கேட்டுக்கினு கீது. சத்தம் வெளிய வரக் கூடாது” என்ற சிட்டம்மாள், கதவைச் சாத்தி வெளியே பூட்டினாள்.