மழைக்கு முந்தி ஒரு பந்து

"வெடிப்புக்குள்ள போன பந்த வச்சுக் கீழ யாருப்பா விளையாடுவா?"

போன கோடையில் நாலு வயது மகன் இப்படிக் கேட்டான். கரிசல் வெடிப்பு அவன் பந்தை விழுங்கியிருந்தது. ஜெயபாண்டி பருத்தி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேற பந்து வாங்கித் தாரேன்லே. சேர்ந்து விளையாடுவோம். இப்ப இதைப் பாரு" என்று போனைக் கொடுத்து வரப்பில் உட்கார வைத்தார்.

அந்தப் பந்தை வாங்கத்தான் இன்று கோவில்பட்டிக்கு வந்திருந்தார்.

"பயலுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் கடைக்கார லிங்கராஜ்.

"நாலு, அண்ணாச்சி."

லிங்கராஜ் பெரிய பந்து ஒன்றைத் தரையில் தட்டினார். அது எழும்பி அவர் மூக்கையே இடித்தது. "பாத்தீங்களா? இதைக் கொண்டு போங்க. அவன் பின்னால ஓடி உங்களுக்கு மூச்சு வாங்கணும்."

"சின்னது போதும். இது உள்ள போகாது."

"பைக்குள்ளயா? கையில பிடிச்சிட்டுப் போங்க தம்பி, பந்து என்ன கடிக்கவா செய்யும்?"

ஜெயபாண்டி சிரிக்கப் பார்த்தார். "மழைக்கு முந்தி குடுத்திரணும் அண்ணாச்சி."

"அது சரிதான். மழை விழுந்துட்டா நம்ம கரிசல்ல கால் வரும், செருப்பு வராது. பிள்ளை எங்கன ஓடும்?"

சின்னப் பந்து ஒன்றைத் துடைத்து, முருகன் படத்தில் ஒற்றி எடுத்தார் லிங்கராஜ். "ஒண்ணு சொல்லுதேன். இந்த வயசுல போனைக் குடுத்து உக்கார வைக்காதீங்க. ஓடணும், விழணும், மண்ணுல பெரளணும்."

"எனக்குத்தான் லேட்டாப் புரிஞ்சுது."

"இப்பவாவது புரிஞ்சுதே. இந்த ஊதலை நான் குடுத்தேன்னு சொல்லுங்க." காசு வாங்காமல் ஒரு ஊதலையும் பைக்குள் போட்டார்.

உச்சி வெயிலில் பருத்திக் காட்டில் ஒரு ஆள் இல்லை. ஜெயபாண்டி உழாமல் விட்டிருந்த மூலைக்குப் போனார். அங்கே ஒரு சின்ன மண்மேடு. அதை ஒட்டித் தரை வெடித்துக் கிடந்தது; மழை விழுந்தால் மூடிக்கொள்ளும்.

மண்டியிட்டு, முதலில் ஊதலைப் போட்டார். "கடை அண்ணாச்சி குடுத்துவிட்டாரு."

பிறகு பந்தை விட்டார். அது மண்ணை உரசிக்கொண்டே இறங்கும் சத்தம் அடங்கும்வரை காதை வைத்துக் கேட்டார்.

"கீழ நீதாம்லே விளையாடுவ, ராசா. பிடிச்சுக்கோ."